மெஸ் முடங்கினால் முதல் போன் யாருக்கு?

உட்கார்ந்து சாப்பிட ஆள் வராத காலம் திரும்பவும் வந்தால், புது ஐடியா தேடி யூடியூப் பக்கம் போகாதீர்கள். கணக்கு நோட்டை எடுங்கள். உங்களுக்குச் சரக்கு போடுகிறவர்கள், மாதக் கணக்கில் சாப்பிட்டவர்கள். இந்த இரண்டு பட்டியல் போதும். மதுரையில் எங்கள் குடும்ப மெஸ் கொரோனாவைத் தாண்டியது அப்படித்தான்.

முதல் போன் மளிகை அண்ணாச்சிக்கு. பாக்கி வைத்திருக்கிற நாம்தான் முந்திக்கொள்ள வேண்டும். அவர் கேட்ட பிறகு பேசினால் பேச்சே வேறு மாதிரி போகும். இப்போது பாதி, மீதி இன்ன தேதியில் என்று சொல்லிவிடுங்கள். முழுப் பாக்கியையும் அடைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டாம்.

அடுத்து இலைக்காரர். 2020-இல் கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று ஆனதும் அவரிடம் இலை தேங்கிக் கிடந்தது. எங்களுக்கோ பார்சல் மட்டும்தான்; பிளாஸ்டிக் கவர் 2019 ஜனவரியிலிருந்தே தடை. “இலையிலயே கட்டிக் குடுங்கக்கா, விலையைப் பாத்துப் போட்டுக்கலாம்” என்றது அவர்தான். இலையைத் தணலில் லேசாக வாட்டுங்கள், மடிக்கும்போது கிழியாது. கலந்த சாதம்தான் இதற்குச் சரி. புளியோதரை மறுவேளைக்கும் தாங்கும். தயிர்சாதத்தைக் கொஞ்சம் கெட்டியாகப் பிசையுங்கள். குழம்பு ஊற்றினால் ஒழுகும்.

2021-இல் வீட்டுத் தனிமையில் இருந்த பழைய வாடிக்கையாளர் ஒருவர் காரமில்லாமல் இரண்டு வேளை கேட்டார். நாங்களாக யோசித்திருக்கவே மாட்டோம். கொண்டுபோய்க் கொடுத்தவர் எங்கள் பால்காரர். அந்தத் தெருவில் எந்த வாசல் யாருடையது என்று அவருக்கு மனப்பாடம். சாப்பாடு டெலிவரி செய்கிற ஆப் கம்பெனிகளுக்கு பில்லில் கால் பங்குகூட கமிஷனாகப் போகலாம். பால்காரருக்குப் பொட்டலத்துக்கு இவ்வளவு என்று பேசி, அன்றன்றே கையில் கொடுத்துவிடுங்கள்.

வெளியாட்களைச் சமாளித்துவிடலாம், வீட்டுக்குள்தான் பாடு. புது அயிட்டம் என்றாலே என் மாமியாருக்கு முகம் மாறிவிடும். அடுப்படி அத்தை பொறுப்பு, பணம் கொழுந்தன் பொறுப்பு, போன் என் பொறுப்பு என்று பிரித்தோம். அவரவர் பொறுப்பில் அவரவர் சொல்வதுதான் முடிவு. ஒரு வாரம் ஓடட்டும், ஞாயிறு ராத்திரி நோட்டைப் பார்த்துப் பேசலாம் என்று தள்ளிவையுங்கள். பாதிச் சண்டை வராது.

அப்புறம், அத்தையே ஒருநாள் பருப்புப் பொடி விற்கலாம் என்றார். நல்ல யோசனைதான். ஆனால் மெஸ்ஸின் உணவுப் பாதுகாப்புப் பதிவில் பொடி தயாரிப்பையும் சேர்த்துவிட்டு விற்கத் தொடங்குங்கள். பாக்கெட்டில் பதிவு எண்ணும் தயாரித்த தேதியும் இருக்க வேண்டும்.