முகம் சிவந்தால் பிளஷ்ஷா, ஃபிளஷ்ஷா?

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் ஆங்கிலக் கட்டுரைக்குக் குறைந்தது 150 சொற்கள் வேண்டும். பிள்ளைகள் பலர் "ஹீ வாஸ் ஆங்க்ரி" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தக் கோபம் முகத்தில் எங்கே தெரிந்தது?

முதலில் தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள்: எது அசைந்தது, எவ்வளவு நேரம், எதனால்? பிறகு அதற்கேற்ற ஆங்கிலச் சொல்லைத் தேடலாம். ஊசி குத்திய கணத்தில் முகம் சட்டென்று சுருங்கி மீண்டால் அது வின்ஸ். கசப்பு மருந்தை விழுங்கிவிட்டு முகத்தைக் கோணினால் கிரிமேஸ். புருவம் நெரிந்தால் ஃப்ரௌன். அதோடு கடுகடுப்பும் சேர்ந்தால் ஸ்கௌல். கண்ணாலேயே முறைத்தால் கிளேர், யாரை என்று சொன்னால் பின்னால் 'அட்' வரவேண்டும்.

சிரிப்பில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். 'ஸ்மைல்' திரும்பத் திரும்ப வருகிறதே என்று ஒத்த பொருள் சொற்களைத் தொகுத்துத் தரும் தெசாரஸைப் புரட்டினால் ஸ்மர்க் கண்ணில் படும். பரிசு வாங்கிய பேத்தியைப் பார்த்துப் பாட்டி ஸ்மர்க் செய்தார் என்று எழுதினால், அன்பான பாட்டி தெனாவெட்டுக்காரி ஆகிவிடுவார். அங்கே வேண்டியது பீம்: முகமே மலர்ந்த சிரிப்பு. பல் தெரியச் சிரித்தால் கிரின். குட்டு வெளிப்பட்டு அசடு வழிந்தால் ஷீபிஷ் கிரின். மேலுதடு ஒரு பக்கம் ஏறி இளக்காரம் தெரிந்தால் ஸ்னீர். மனம் விட்டுச் சிரிக்கையில் கண்ணைச் சுற்றிய தசையும் சுருங்கும் என்று பிரெஞ்சு மருத்துவர் டூஷென் 1862இலேயே எழுதினார். உதடு மட்டும் விரிந்த ஒப்புக்குச் சிரிப்பை "த ஸ்மைல் டிட் நாட் ரீச் ஹர் ஐஸ்" என்பார்கள். அருமையான வரி, பொருந்தும் இடத்தில் எழுதலாம்.

தமிழை அப்படியே பெயர்த்தால் சில இடங்களில் இடறும். நமக்குக் கோபத்திலும் முகம் சிவக்கும், நாணத்திலும் சிவக்கும். ஆங்கிலத்தில் நாணத்துக்கும் கூச்சத்துக்கும் பிளஷ். கோபம், வெயில், ஓட்டம் என்றால் ஃபிளஷ். "தெரியாது" என்று நாம் உதட்டைப் பிதுக்குவோம். அதை பவுட் என்று எழுதினால் பிள்ளை கோபித்துக்கொண்டதாகப் பொருள்படும்.

சொல் கிடைத்ததும் ஆங்கிலம் கற்பவர்களுக்கான லேர்னர்ஸ் டிக்ஷனரியில் எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் படியுங்கள். தெசாரஸ் பெரும்பாலும் அதைத் தராது. "ஃப்ரௌன்ட் ஹிஸ் ஐப்ரோஸ்" தவறு. ஃப்ரௌனுக்குள்ளேயே புருவம் இருக்கிறது. அமெரிக்கர்கள் உதட்டோரம் தொங்குவதையும் ஃப்ரௌன் என்பதுண்டு. இங்கே பள்ளிகளில் பிரிட்டிஷ் வழக்கு என்பதால், புருவத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.