ஒரே லைப்ரரியை இரண்டு தரம் சேர்த்தால் சிமேக் ஏன் மறுக்கிறது?

புறக்கோட்டை மொத்தக் கடை ஒன்றுக்கு சி++ மென்பொருள் எழுதி, அதன் பில்ட் ஒழுங்கை சிமேக் என்ற கருவியிடம் விடுவதாக வைத்துக்கொள்வோம். விற்பனை, ஸ்டொக், வரி என மூன்று கோப்புறைகள், ஒவ்வொன்றும் ஒரு லைப்ரரி. 18 சதவீத வாட் கணக்கு ‘வரி’க்குள் இருக்கிறது, மற்ற இரண்டுக்கும் அது தேவை. புதியவர்கள் அந்த இரண்டின் சிமேக்லிஸ்ட்ஸ் கோப்பிலும் (சிமேக்குக்கான கட்டளைகள் இருக்கும் கோப்பு) கோப்புறை சேர்க்கும் ஆட்_சப்டிரெக்டரி கட்டளையைப் போட்டு ‘வரி’யை இழுப்பார்கள். வினை அங்கேதான்.

‘வரி’ உள்கோப்புறை அல்ல, பக்கத்துக் கோப்புறை. ஆகவே பைனரி டிரெக்டரி, அதாவது பில்ட் செய்த கோப்புகள் போகும் இடம், எது என்று சிமேக் கேட்கும். இரண்டு இடத்திலும் ஒரே பாதையைக் கொடுத்தால், அது ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பிழை வரும். வேறு வேறு பாதை கொடுத்தாலும் தப்ப முடியாது: அதே பெயரில் இன்னொரு டார்கெட் (பில்ட் செய்ய வேண்டிய லைப்ரரி அல்லது நிரல்) இருக்கிறது என்று சிமேக் சொல்லும். பில்ட் கோப்புறையை எத்தனை தரம் அழித்தாலும் இது போகாது.

படி 1: விற்பனை, ஸ்டொக் இரண்டிலும் அந்த ஆட்_சப்டிரெக்டரி கட்டளையை நீக்குங்கள். மேல்மட்ட சிமேக்லிஸ்ட்ஸில் மட்டும் மூன்று கோப்புறைகளையும் ஒவ்வொரு தரம் சேருங்கள்.

படி 2: விற்பனையிலும் ஸ்டொக்கிலும் டார்கெட்_லிங்க்_லைப்ரரீஸில் ‘வரி’ என்ற டார்கெட் பெயரை எழுதுங்கள். லிங்க் செய்ய இது போதும். கோப்புறைகளை எந்த ஒழுங்கில் சேர்த்தீர்கள் என்பது பொருட்டல்ல.

‘இஃப் நொட் டார்கெட்’ (அந்த டார்கெட் ஏற்கெனவே இல்லாவிட்டால் மட்டும் சேர்) என்று காவல் போடும் வழக்கமும் உண்டு. ஒவ்வொரு கோப்புறையையும் தனியாகவும் பில்ட் செய்ய வேண்டுமென்றால் சரி. மற்றபடி தவிர்ப்பது நல்லது. வெளியிலிருந்து எடுத்த லைப்ரரி ஒன்றுக்கும் ‘யூட்டில்ஸ்’ என்று பெயர் இருந்தால், உங்களுடையது சத்தமில்லாமல் விடுபட்டுவிடும். இன்க்ளூட் செய்யும் .சிமேக் கோப்புகள் இரண்டு தரம் ஓடாமல் தடுக்க இன்க்ளூட்_கார்ட் இருக்கிறது, சிமேக் 3.10 முதல்.

படி 3: வட்டம், அதாவது இரண்டு லைப்ரரிகள் ஒன்றையொன்று கேட்பது. விற்பனை ஸ்டொக்கைக் கேட்கிறது. ‘பொருள்’ என்ற ஸ்ட்ரக்ட் விற்பனையின் ஹெடரில் இருப்பதால் ஸ்டொக்கும் விற்பனையைக் கேட்கிறது. இரண்டும் ஸ்டெட்டிக் லைப்ரரி (நிரலுக்குள்ளேயே சேர்ந்துவிடுவது) என்றால் சிமேக் வாய் திறக்காது. ஒன்றை ஷெயார்ட் (ஓடும்போது தனிக் கோப்பாக ஏற்றப்படுவது) ஆக்கிய அன்றுதான் பிழை கிளம்பும், வட்டத்தில் யார் யார் என்ற பட்டியலோடு. அந்த ஸ்ட்ரக்டை மட்டும் ‘பொது’ என்ற நாலாவது கோப்புறைக்கு மாற்றி, இரண்டையும் அதனுடன் இணையுங்கள். ஸ்டொக்கிலிருந்து விற்பனைக்குப் போகும் இணைப்பை மறக்காமல் வெட்டுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

சந்தேகமிருந்தால் எது எதைக் கேட்கிறது என்று அம்புகளால் வரைய உதவும் கிராஃப்விஸ் தெரிவோடு சிமேக்கை ஓட்டுங்கள். எந்த அம்பு திரும்பி வருகிறது என்று படத்திலேயே தெரியும்.