தேதி மாறியதும் தொலைந்த ரிவர்சல்

வங்கியின் தொழில்நுட்பப் பிரிவில் வேலை என்றால் புதுப்புது செயலி எழுதுவது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு வாய்த்ததெல்லாம் பெரும்பாலும் கணக்கு டேலி ஆகாத தகராறுகள்தான்.

ஒரு சமயம் ஒரே மாதிரிப் புகார் திரும்பத் திரும்ப வந்தது: ஏ.டி.எம்.மில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. இம்மாதிரி நேரத்தில் ரிவர்சல், அதாவது கழித்ததைத் திருப்பி வைக்கச் சொல்லும் செய்தி, வரவேண்டும். அட்டைப் பரிவர்த்தனைச் செய்திகளுக்கான ஐ.எஸ்.ஓ. 8583 முறையில் 0200 என்பது பணம் கேட்கும் செய்தி, 0420 அதை ரத்து செய்யும் செய்தி. செய்திகள் பதிவாகும் லாகைத் திறந்தால் 0420 ஒழுங்காக வந்திருக்கிறது. எங்கள் சிஸ்டம்தான் 'அசல் பரிவர்த்தனை இல்லை' என்று ஒதுக்கிவைத்திருந்தது.

புகார்களை நேரவாரியாக அடுக்கிப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. எல்லாமே, அன்றைய கணக்கை முடித்து வங்கியின் வணிகத் தேதியை அடுத்த நாளுக்கு மாற்றும் நாள் முடிவு பேட்ச் ஓடும் நேரத்தை ஒட்டியவை. 0200 பழைய வணிகத் தேதியில் பதிவாகிறது. ரிவர்சல் வருவதற்குள் தேதி மாறிவிடுகிறது. தேடும் புரோகிராமோ அன்றைய தேதியை மட்டும் பார்க்கிறது! முந்தைய தேதியிலும் தேடும்படி மாற்றினேன். கூடவே 0420 செய்தியின் 90ஆம் ஃபீல்டில் (பகுதியில்) வரும் அசல் செய்தியின் விவரங்களையும் ஒப்பிட வைத்தேன். பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் ட்ரேஸ் எண் ஆறு இலக்கம்தான், சுற்றி மறுபடி வரும். அதை மட்டும் நம்பினால் வேறொருவர் பரிவர்த்தனை ரத்தாகிவிடும்.

திருத்தம் சில வரிகள். அதை லைவுக்குக் கொண்டுபோவதுதான் பெரும்பாடு: சேஞ்ச் ரிக்வெஸ்ட் (மாற்றத்துக்கான கோரிக்கை), யு.ஏ.டி. (பயன்படுத்துபவர்கள் செய்யும் சோதனை), ஒப்புதல்கள், ரோல்பேக் திட்டம் (சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்பும் வழி). எழுதியவரே ஏற்றக்கூடாது என்று வேறு விதி (எரிச்சல்தான், ஆனால் நியாயமான விதி). ஏற்கெனவே சிக்கியிருந்தவற்றைத் தனி ஸ்கிரிப்ட் போட்டுப் பொறுக்கியெடுத்துக் கொடுத்தேன். ஆபரேஷன்ஸ் பிரிவு சரிபார்த்து வரவு வைத்தது.