தெருவுல எத்தன பேருக்கு குடிப் பிரச்சனைன்னு கணக்கெடுக்குறது எப்படி

டாஸ்மாக் வாசல்ல நிக்கிற கூட்டத்த வச்சு முடிவு பண்ணாதீங்க, வீடு வீடா போய் தனியா உக்காந்து கேக்கணும், பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடி யாரும் உண்மைய சொல்ல மாட்டாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட ஆடிட்ங்கிற 10 கேள்வி இருக்கு, மொத்தம் 40 மார்க், 8 தொட்டாலே கவனிக்கணும், 20 தொட்டா டாக்டர்கிட்ட அனுப்பிருங்க. "குடிப்பீங்களா"ன்னு மொட்டையா கேக்காம "உக்காந்தா குவார்ட்டரா, ஆஃபா"ன்னு கேளுங்க, 180 மில்லி பிராந்தியிலயே கிட்டத்தட்ட 60 கிராம் ஆல்கஹால் இருக்கு, அது ரொம்ப ஜாஸ்தி.

அப்பா குடிச்சாரா, எந்த வயசுல ஆரம்பிச்சது, கடன், உடம்பு வலி, மன அழுத்தம், இதெல்லாமும் குறிச்சுக்கோங்க. காலைல குடிக்கலன்னா கை நடுங்குதுன்னு சொல்றவங்கள சட்டுனு நிறுத்த சொல்லிராதீங்க ப்ளீஸ், வலிப்பு வரலாம், போதை மீட்பு உதவி எண் 14446-க்கு போன் பண்ண வைங்க.