குளிர்ல விதை முளைக்கலையா, ஈர டிஷ்யூல முளைக்க வெச்சு நடுங்க

குளிர் ஊர்ல மிளகாய், கத்திரி, தக்காளி விதைய நேரா மண்ணுல போடாதீங்க. டிஷ்யூ பேப்பர நனைச்சு சொட்டாத அளவுக்கு பிழிஞ்சுட்டு, அதுல விதைய பரப்பி மடிச்சு, ஜிப் கவர்ல போட்டு, வீட்டுல எது எப்பவும் லேசா வெதுவெதுப்பா இருக்கோ அது மேல வைங்க, வைஃபை ரவுட்டர் மாதிரி (கை வெக்க முடியாத அளவு சுட்டா வேணாம், விதை வெந்துடும்).

இந்த விதைங்க முளைக்க வெளிச்சம் தேவையில்ல, சூடுதான் வேணும், 25ல இருந்து 30 டிகிரி இருந்தா ரொம்ப நல்லது. ரூம் 20 டிகிரி இருந்தாலும் தொட்டியில இருக்குற ஈர மண்ணு அதைவிட கொஞ்சம் ஜில்லுனுதான் இருக்கும், ஜன்னலோரம்னா ராத்திரி இன்னும் இறங்கிடும், விதை முளைக்காம ஊறியே அழுகிடும். தக்காளி ஒரு வாரத்துக்குள்ள வந்துடும், மிளகாய்க்கு ரெண்டு வாரம் வரைக்கும் பொறுமை வேணும்.

தினமும் பிரிச்சுப் பாருங்க, இதுதான் முக்கியம். வெள்ளையா வேர் அரை சென்டிமீட்டர் எட்டிப் பாத்ததுமே மண்ணுக்கு மாத்திடணும், விட்டா வேர் பேப்பருக்குள்ள பின்னிக்கும், அப்படி ஒட்டிக்கிட்டா பிச்சு எடுக்காம அந்தப் பேப்பர் துண்டோடவே நட்டுடுங்க. முளை வெளிய வந்ததும் நல்ல வெளிச்சம் கட்டாயம், இல்லன்னா நூல் மாதிரி நீண்டு சாஞ்சுடும்.

கேரட், முள்ளங்கிக்கு இது வேணாம், வேர் கோணிக்கும், நேரா மண்ணுலயே தூவிடுங்க. லெட்யூஸ், ஸ்பினாச்சுக்கும் (பாலக்கீரை) வேணாம், அதுங்களுக்கு குளிர்தான் பிடிக்கும், சூட்டுல முளைக்கவே அடம் பிடிக்கும்.