பழையதை நல்ல விலைக்கு விற்று, அடுத்ததைக் குறைந்த செலவில் வாங்குவது எப்படி?

போன் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ‘என்ன விலை?’ என்பதுதான். நான் கூடவே இன்னொன்றையும் கேட்டுக்கொள்வேன்: இதை விற்கும் நாளில் எவ்வளவு கிடைக்கும்? வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இருக்கும் தொகைதான் அந்தப் போனுக்கு நான் செய்த உண்மையான செலவு. மற்றதெல்லாம் கையை விட்டுப் போய்த் திரும்பி வருகிற பணம்.

தொடங்கும் முன் ஒன்று. கையில் இருப்பது உங்கள் வேலைக்குப் போதுமென்றால் மாற்ற வேண்டாம். அதைவிடச் சிக்கனம் வேறில்லை. மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கும், மாற்றாமல் தூக்கம் வராதவர்களுக்கும்தான் (நான் இரண்டாவது ரகம்) இந்தக் குறிப்பு.

படி 1: மாதக் கணக்கு போடுங்கள்

வாங்கிய விலையிலிருந்து விற்கப்போகும் விலையைக் கழித்து, வைத்திருக்கும் மாதங்களால் வகுங்கள். அவ்வளவுதான் சூத்திரம்.

ஒரு புதிய போனின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் அது 70 ஆகிறது, இரண்டாம் ஆண்டு முடிவில் 52, மூன்றாம் ஆண்டில் 40, நான்காம் ஆண்டில் 30. கணக்குக்காக நானே போட்ட எண்கள்தான் இவை. ஆனால் முதலில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் இறங்கும் இந்தப் போக்கை ஏறக்குறைய எல்லாக் கருவிகளிலும் பார்க்கலாம்.

புதிதாக வாங்கி இரண்டு ஆண்டில் விற்றால் 48 போகிறது, அதாவது மாதத்துக்கு 2. அதையே நான்கு ஆண்டு வைத்திருந்தால் 70 போகிறது, மாதத்துக்கு 1.46. ஓராண்டு பழையதாக 70க்கு வாங்கி, இரண்டு ஆண்டு பயன்படுத்தி 40க்கு விற்றால் மாதத்துக்கு 1.25. இரண்டு ஆண்டு பழையதை 52க்கு வாங்கி, இரண்டு ஆண்டு கழித்து 30க்குத் தள்ளிவிட்டால் மாதத்துக்கு 1 கூட ஆகாது, 0.92தான்.

முதல் ஆண்டில் விழும் அந்த 30ஐ யார் தலையில் கட்டுவது என்பதுதான் இங்கே விளையாட்டு. பெட்டியைப் பிரித்தவர் அதைக் கட்டிவிடுகிறார். அவருக்கு அடுத்த ஆளாக நாம் நுழைந்தால், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போனை மாற்றினாலும் புதிதாக வாங்கி நான்கு ஆண்டு ஓட்டுபவரைவிடக் குறைவாகவே செலவாகும்.

நடுவில் பேட்டரி மாற்றினால், திரை உடைந்து சரிசெய்தால், விற்கும்போது கமிஷனோ அனுப்பும் கட்டணமோ கொடுத்தால் அதையும் சேருங்கள். அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் நம்மையே ஏமாற்றிக்கொண்டது போல.

படி 2: விலை நிற்கும் பொருளைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாப் பொருளுக்கும் இந்த வழி பலிக்காது. ஐபோன்கள் பொதுவாக ஆண்ட்ராய்டு போன்களைவிட மெதுவாக விலை இறங்கும். ஆண்டுக்குச் சில ஐபோன் மாடல்கள்தான் வரும் என்பதால் வாங்குபவருக்குக் குழப்பமில்லை, மென்பொருள் புதுப்பிப்பும் பல ஆண்டுகள் வரும். அந்தப் புதுப்பிப்புதான் இப்போது ஆண்ட்ராய்டு பக்கமும் கணக்கை மாற்றிவருகிறது. 2023இல் வந்த கூகுளின் பிக்சல் 8க்கும், 2024இல் வந்த சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24க்கும் ஏழு ஆண்டுப் புதுப்பிப்பு தருவதாக அறிவித்தார்கள். எனவே எந்த மாடலை எடுத்தாலும் ‘இதற்குப் புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை?’ என்று முதலில் பாருங்கள். நீங்கள் விற்கும் நாளில் அதை வாங்குபவருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டாவது மிச்சம் இருக்க வேண்டும்.

லேப்டாப்பில் இதே பாடம் சற்றுக் கடுமையாகவே வந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பிராசசரோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்போ இல்லாத லேப்டாப்கள், நன்றாக ஓடிக்கொண்டிருந்தும் வாங்குபவர் கண்ணில் மதிப்பிழந்தன. பழைய லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? அது விண்டோஸ் 11 ஏற்குமா என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேமராவில் உடலைவிட (பாடி) லென்ஸ் விலை நிற்கும். புதிய சென்சார் வந்தால் பழைய உடல் மங்கிப்போகும், நல்ல லென்ஸ் அவ்வளவு சீக்கிரம் மங்காது. வயர்லெஸ் இயர்பட்ஸ் இதற்கு நேர்மாறு. சின்ன பேட்டரி, மாற்றுவது கடினம், இன்னொருவர் காதில் இருந்ததை வாங்க ஆளும் குறைவு. தேயும் வரை பயன்படுத்தத்தான் அதை வாங்க வேண்டும், விற்பனைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கூடுதல் ஸ்டோரேஜுக்குக் கொடுக்கும் பணமும் விற்கும்போது முழுதாகத் திரும்பாது. உண்மையிலேயே தேவை என்றால் வாங்குங்கள், ‘விற்கும்போது கூடக் கிடைக்கும்’ என்ற நம்பிக்கையில் வேண்டாம்.

படி 3: வாங்கும்போது கையில் வைத்துச் சோதியுங்கள்

கொஞ்சம் கூச்சத்தை விட வேண்டிய இடம் இது. விற்பவர் எதிரில் நின்று பத்து நிமிடம் சோதிக்க நமக்குத் தயக்கமாக இருக்கும். நேர்மையான விற்பனையாளர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

போனில் *#06# அழுத்தினால் அந்தப் போனுக்கே உரிய அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். பெட்டியிலும் பில்லிலும் அதே எண் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் பேட்டரி. ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி, 500 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஐபோன் 15 வரிசைக்கு அது 1000 சுற்றுகள். செட்டிங்ஸில் 80ஐ ஒட்டிய எண்ணைக் கண்டால், பேட்டரி மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். விண்டோஸ் லேப்டாப்பில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போதைய முழுச் சார்ஜ் கொள்ளளவும் அதில் இருக்கும்.

ஒரு வெள்ளைப் படத்தைத் திரை முழுதும் திறந்து கறை இருக்கிறதா பாருங்கள். ஏதாவது ஒரு ஐகானை அழுத்திப் பிடித்துத் திரையின் எல்லா மூலைகளுக்கும் இழுங்கள், நடுவில் நழுவினால் அந்த இடத்தில் டச் வேலை செய்யவில்லை. ஒரு அழைப்பு பேசிப் பாருங்கள், குரல் பதிவு செய்து கேளுங்கள், சார்ஜர் சொருகி லேசாக ஆட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் அக்கவுண்ட் லாக். ஐபோனில் ஆக்டிவேஷன் லாக் 2013இல் ஐஓஎஸ் 7 உடன் வந்தது. ஆண்ட்ராய்டில் அதற்கு ஈடான பாதுகாப்பு 2015இல் 5.1 பதிப்புடன் வந்தது. திருடர்களைத் தடுக்க வந்த வசதி இது. முந்தைய உரிமையாளர் வெளியேறாமல் விற்றால் வாங்கியவரையும் தடுத்துவிடும். அவர் கண் முன்னாலேயே அக்கவுண்டிலிருந்து வெளியேறி, ரீசெட் செய்து, புதிதாகத் தொடங்கும் திரை வரும்வரை பணம் கொடுக்காதீர்கள். தவணை பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். பாக்கி இருந்தால் பின்னால் லாக் ஆகலாம்.

படி 4: இரவல் பொருள் போல வைத்துக்கொள்ளுங்கள்

வாங்கிய அன்றே கவரும் டெம்பர்ட் கிளாஸும். பெட்டி, பில், கேபிள், சிம் எடுக்கும் ஊசி எல்லாம் ஒரே பையில். லேப்டாப் மூடியில் ஸ்டிக்கர் வேண்டாம். பேட்டரிக்கு முதல் எதிரி சூடு. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள், தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

படி 5: எப்போது விற்பது?

புதிய ஐபோன்கள் பெரும்பாலும் செப்டம்பரில் வருகின்றன, கேலக்ஸி எஸ் வரிசை ஆண்டின் தொடக்கத்தில். புதிய மாடல் வந்ததும் சந்தையில் பழையவை ஒரே சமயத்தில் குவியும், விலை இறங்கும். மூன்று நான்கு வாரம் முன்னதாக விற்றுவிட்டால் அந்தக் கூட்டத்தில் மாட்ட வேண்டாம். அதுவரை ஓட்ட ஒரு பழைய போன் கையில் இருந்தால் போதும். அதே காரணத்தால், வாங்க ஏற்ற சமயம் புதிய மாடல் வந்த பிறகு.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: வெளியீட்டுக்கு முன் விற்று, வெளியீட்டுக்குப் பின் போன ஆண்டு மாடலை வாங்குவது. இடையில் ஒரு மாதம் சுமாரான போனோடு இருப்பதுதான் அதற்கு விலை. எனக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கும், இருந்தாலும் செய்கிறேன்.

மாற்றிய பிறகு பழையதை ‘அவசரத்துக்கு இருக்கட்டும்’ என்று டிராயரில் போடுவதுதான் பெரிய நஷ்டம். நான் அப்படி ஒரு போனை ஒன்றரை ஆண்டு வைத்திருந்தேன். ஒரு அவசரமும் வரவில்லை. எடுத்தபோது பேட்டரி உப்பிப் பின்மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது, அதை அழுத்தவோ சார்ஜ் போடவோ கூடாது. விற்பதற்குப் பதிலாக மின்கழிவு சேகரிப்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

படி 6: துடைத்தெடுப்பது (வரிசை மாறக்கூடாது)

முதலில் பேக்கப். படங்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள் எல்லாம் புதிய கருவிக்கு வந்துவிட்டதா என்று திறந்து பார்த்த பிறகே அடுத்தது. இரண்டடுக்குப் பாதுகாப்புக் குறியீடு தரும் செயலிகளைக் கட்டாயம் மாற்றிவிடுங்கள். பலர் மறப்பது இதைத்தான், மறந்தால் மின்னஞ்சலுக்குள்ளேயே நுழைய முடியாமல் நிற்க நேரும். பிறகு ஸ்மார்ட்வாட்ச் இணைப்பைத் துண்டித்து, இசிம் இருந்தால் மாற்றி, சிம்மையும் மெமரி கார்டையும் எடுங்கள். அக்கவுண்டுகளிலிருந்து வெளியேறுங்கள். கடைசியில்தான் ரீசெட்.

கடைசி இரண்டையும் நான் ஒருமுறை சரியாகச் செய்யவில்லை. டேப்லெட் ஒன்றை அக்கவுண்டை நீக்காமல் பட்டனை அழுத்தி ரீசெட் செய்து விற்றேன். வாங்கியவர் இரவு பத்து மணிக்கு அழைத்து, ‘உங்க பாஸ்வேர்டு கேக்குதுங்க’ என்றார். நானோ அந்தப் பழைய அக்கவுண்டின் பாஸ்வேர்டை மறந்திருந்தேன். அதை மீட்டுத் தர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அவர் என்னைத் திருடன் என்றுதான் நினைத்திருப்பார்.

படி 7: எங்கே, எவ்வளவுக்கு?

எக்ஸ்சேஞ்சில் அலைச்சல் குறைவு, பணமும் குறைவு. பழைய கருவிகளை வாங்கும் கடைகள் நடுத்தரம். நேரடியாக ஒருவருக்கு விற்றால் அதிகம் கிடைக்கும், பத்துப் பேரின் ‘கடைசி விலை என்ன?’வைத் தாங்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் சலுகை பெரிதாகத் தெரிந்தால், அதே புதிய பொருளை எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் எங்கே எவ்வளவுக்குக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். சில நேரம் பழையதற்கு ஏற்றிக் காட்டிய தொகை, புதியதன் விலையில் ஒளிந்திருக்கும்.

விளம்பரங்களில் கேட்கும் விலையை அளவுகோலாக வைக்காதீர்கள். மாதக்கணக்கில் விற்காமல் கிடப்பவையும் அவற்றில்தான் இருக்கும். விற்று முடிந்த விலையைத் தேடுங்கள். மனதில் ஒரு கீழ் எல்லை வைத்து, அதற்குப் பத்து சதவீதம் மேலே கேளுங்கள்.

படங்களைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், கீறலை நெருக்கத்தில் காட்டுங்கள். குறையை நாமே சொல்லிவிட்டால், நேரில் வந்து பேரம் பேச அவருக்குக் காரணம் இருக்காது. பேட்டரி சதவீதம், பில் இருக்கிறதா, திரை மாற்றியதா என்பதையும் எழுதுங்கள். ஐஎம்இஐ எண்ணை மட்டும் படத்தில் மறைத்துவிடுங்கள். ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் சந்தியுங்கள். ‘பணம் போட்டுவிட்டேன்’ என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை ஏற்காதீர்கள், உங்கள் வங்கிக் கணக்கில் வந்திருப்பதை நீங்களே பார்த்த பிறகு பொருளைக் கொடுங்கள்.

விற்ற அன்றே வாங்கிய விலை, விற்ற விலை, வைத்திருந்த மாதங்கள் மூன்றையும் குறித்து வையுங்கள். அடுத்த தடவை படி 1க்கு நான் போட்டதுபோல் கற்பனை எண்கள் தேவைப்படாது.