பழைய ரைசன் 5 1600 வாங்கும்முன் கடைசி இரண்டு எழுத்தைப் பாருங்கள்

கம்ப்யூட்டரின் பிராசஸர் சிப்பான ஏஎம்டி ரைசன் 5 1600-ஐப் பழையதாக வாங்கினால், சிப்பின் உலோக மூடியில் ஒட்டியிருக்கும் வெப்பம் கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு 'ஒய்டி1600' என்று தொடங்கும் குறியீட்டைப் படியுங்கள். முடிவில் 'ஏஇ' (AE) இருந்தால் 2017-இல் வந்த 14 நானோமீட்டர் தயாரிப்பு முறைச் சிப். 'ஏஎஃப்' (AF) இருந்தால் பின்னாளில் அதே பெயரில் புதிய தயாரிப்பு முறையில் வந்த 12 நானோமீட்டர் சிப். விலை ஒன்றென்றால் கண்ணை மூடிக்கொண்டு 'ஏஎஃப்' எடுங்கள்.

இரண்டுக்கும் அடிப்படை வேகம் 3.2, தேவைப்படும்போது எட்டும் பூஸ்ட் வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ்தான். ஆனால் 'ஏஎஃப்' உள்ளே அடுத்த தலைமுறையான ரைசன் 5 2600-இன் வடிவமைப்பு. கேஷ் எனப்படும் சிப்புக்குள் இருக்கும் நினைவகத்தின் தாமதம் குறைவு, வேகமான ரேமோடும் நன்றாக ஒத்துப்போகும். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால் கழற்றவே வேண்டாம், சிபியு-இசட் மென்பொருளில் 12 நானோமீட்டர் என்று காட்டுகிறதா பாருங்கள், போதும்.

இந்தக் கணக்கை எல்லா மாடலுக்கும் போடாதீர்கள். 2600-இல் எல்லாமே 'ஏஎஃப்'தான், அங்கே அது எதையும் பிரித்துக் காட்டாது. அப்புறம், மதர்போர்டில் கம்ப்யூட்டரைத் தொடக்கி வைக்கும் மென்பொருளான பயாஸ் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பாகவே இருந்தால் 'ஏஎஃப்' சிப் பூட் ஆகாமல் போகலாம். முதலில் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள்.